வாந்தி நிற்காவிட்டால் உடம்பில் என்ன நடக்கிறது?



நாள் தள்ளிப் போன மருமகள் காலையில் எழுந்ததும் கொல்லைப்புறம் ஓடினால், ரெட்டியார்சத்திரம் வட்டாரத்தில் எந்த வீட்டிலும் அதை நோய் என்று நினைக்க மாட்டார்கள். "நல்ல சேதிதான்" என்று மாமியார் சிரிப்பார். அடுத்த வீட்டிலிருந்து மாங்காயும் நெல்லிக்காயும் வந்து சேரும். இதில் தவறு ஒன்றும் இல்லை. கர்ப்பிணிகளில் நூற்றுக்கு எழுபது எண்பது பேருக்குக் குமட்டலோ வாந்தியோ வருவது இயற்கை. மாதவிலக்கு நின்ற சில நாட்களில் ஆரம்பித்து, ஒன்பதாவது வாரம் வாக்கில் அதிகமாகி, நாலாம் மாதத்தில் குறைந்து, ஐந்தாம் மாதத்துக்குள் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு நின்றுவிடும். இந்த மசக்கையால் தாய்க்கும் கெடுதல் இல்லை, பிள்ளைக்கும் கெடுதல் இல்லை.

இந்தப் பிரசுரம் அந்த மசக்கையைப் பற்றியது அல்ல. நூறு கர்ப்பிணிகளில் ஒருவருக்கு, சில இடங்களின் கணக்குப்படி மூன்று பேர் வரைக்கும், வேறு மாதிரி வாந்தி வருகிறது. சோறு இறங்காது. கஞ்சி இறங்காது. ஒரு வாய்ப் பச்சைத் தண்ணீர் குடித்தால்கூட வெளியே வந்துவிடும். வயிற்றில் ஒன்றும் இல்லாதபோதும் ஓங்கரிப்பு நிற்காது. மஞ்சளாகப் பித்தம் வரும். தாளிக்கிற வாசனை, பஸ் புகை, புருஷன் தலையில் வைத்த எண்ணெய் வாசனை, எல்லாமே ஆகாது. இப்படி வாரக்கணக்கில் போகும். இதற்கு மருத்துவத்தில் கர்ப்பகால மிகை வாந்தி என்று பெயர். இது மசக்கை அல்ல, நோய். வைத்தியம் செய்தே ஆகவேண்டிய நோய்.

"நாங்கெல்லாம் பெக்கலையா?"

வீடு வீடாகப் போகும்போது இந்தப் பேச்சைக் கேட்காத நாள் இல்லை. "நாங்கெல்லாம் அஞ்சு பெத்தோம், களை எடுத்துக்கிட்டே வாந்தி எடுத்தோம், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு வளையல." பேசுகிற பெரியம்மா பொய் சொல்லவில்லை. அவருக்கு வந்தது மசக்கை. மருமகளுக்கு வந்திருப்பது வேறு. காய்ச்சல் என்றால் எல்லாம் ஒரே காய்ச்சலா? சளிக் காய்ச்சலும் டெங்குவும் ஒன்றாகுமா?

"வேலைக்குப் பயந்து நடிக்கிறாள்", "தாய் வீட்டுக்குப் போக வழி பார்க்கிறாள்" என்கிற பேச்சு இன்னும் மோசம். இது நம் ஊரில் மட்டும் உள்ள பேச்சு என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் மார்லீனா ஃபெய்ஸோ என்று ஒரு பெண் விஞ்ஞானி. 1999-ல் கர்ப்பமாக இருந்தபோது அவருக்கு இந்த வாந்தி வந்து, எழுந்து நடக்கக்கூட முடியாமல் படுத்துவிட்டார். மற்றவர்கள் கவனத்தை ஈர்ப்பதற்காகத்தான் இப்படிச் செய்கிறார் என்று அவரைப் பார்த்த டாக்டரே சொன்னாராம். கடைசியில் பதினைந்தாவது வாரத்தில் வயிற்றுப் பிள்ளை இறந்துவிட்டது. அந்த அம்மாள் அழுதுவிட்டு ஓயவில்லை. காரணத்தைத் தேடுவதிலேயே தன் உழைப்பை எல்லாம் போட்டார்.

2023 டிசம்பரில் காரணம் தெளிவாகியது. அவரும் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும், இலங்கை விஞ்ஞானிகளும்கூட, சேர்ந்து செய்த ஆராய்ச்சி அது. வயிற்றில் வளரும் சிசுவும் நஞ்சும் ஜி.டி.எஃப். 15 என்ற ஒரு சுரப்பை உண்டாக்கித் தாயின் இரத்தத்தில் விடுகின்றன. அது மூளையில் குமட்டலைத் தூண்டும் இடத்தில் போய் வேலை செய்கிறது. கர்ப்பத்துக்கு முன்பே அந்தச் சுரப்பு உடம்பில் ஓரளவு இருந்து பழகிய பெண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. முன்பு மிகக் குறைவாக இருந்த பெண்ணுக்குத் திடீரென்று கூடும்போது தாங்க முடியாது. காரம் சாப்பிட்டுப் பழகாதவர் வாயில் மிளகாயைக் கடித்தால் என்ன ஆகும், அதுபோல. ஆகவே இது மனசின் பலவீனமும் அல்ல, சோம்பேறித்தனமும் அல்ல, வளர்ப்பின் குறையும் அல்ல. இங்கிலாந்து இளவரசர் வில்லியமின் மனைவி கேத்தரின் 2012 டிசம்பரில் இதே வாந்தியால் லண்டனில் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். பிறகு உண்டான இரண்டு கர்ப்பத்திலும் அவருக்கு இது வந்தது. களை எடுக்கிற வேலைக்கு அவர் பயந்திருக்க வேண்டியதில்லை!

வெளியே போவது சோறு மட்டுமா?

சாப்பிட்டது வெளியே வந்துவிட்டது, மறுபடி சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கிறோம். உண்மையில் வாந்தியோடு போவது உடம்பின் சொந்தச் சரக்கு. நம் இரைப்பை ஒரு நாளைக்குச் சுமார் 2 லிட்டர் நீரைச் சுரக்கிறது. அதில் தண்ணீர் உண்டு, உப்பு உண்டு, சோற்றைச் செரிக்க வைக்கும் கடுமையான அமிலம் உண்டு. சாதாரண நாளில் இந்த நீர் குடலுக்குப் போய்த் திரும்ப இரத்தத்தில் சேர்ந்துவிடும். வீட்டுப் பணம் வீட்டுக்குள்ளேயே சுற்றுவது மாதிரி. வாந்தி எடுக்கும்போது அந்தப் பணம் வாசலைத் தாண்டிப் போய்விடுகிறது.

முதலில் குறைவது தண்ணீர். கோடையில் கிணற்றில் ஊற்று வற்றினால் மோட்டார் என்ன பாடுபடும் என்று நம் விவசாயிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. இரத்தத்தில் நீர் குறைந்தால் இதயம் அந்த மோட்டார் மாதிரிதான். வேகமாக ஓடும், ஆனால் தண்ணீர் ஏறாது. எழுந்து நின்றால் கண் இருட்டும், தலை சுற்றும். சிறுநீரகம் இருக்கிற தண்ணீரைப் பிடித்து வைத்துக் கொள்ளப் பார்க்கும். அதனால் சிறுநீர் குறையும், கடுங்காப்பி நிறத்துக்குப் போகும். இன்னும் கவனிக்காவிட்டால் சிறுநீரகமே பழுதாகும். இரத்தம் கெட்டியாகி, பெண்ணும் படுத்த படுக்கையாக இருந்தால், காலில் இரத்தம் கட்டி உறைவதும் உண்டு. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் எண்ணெய் தேய்த்து நீவி விடாதீர்கள், உடனே ஆஸ்பத்திரி.

அடுத்தது அமிலமும் உப்பும். அமிலம் வெளியே போகப் போக இரத்தம் காரத்தன்மை அடைகிறது. இதைச் சரிக்கட்டுவதற்கு உடம்பு செய்கிற வேலையில், சிறுநீர் வழியாகப் பொட்டாசியம் என்ற உப்பு நஷ்டமாகிறது. சதையும் நரம்பும் இதயமும் ஒழுங்காக வேலை செய்ய அது வேண்டும். அது குறைந்தால் கை கால் ஓய்ந்துபோகும், தூக்கிய குடம் நழுவும், மலச்சிக்கல் வரும். மிகவும் குறைந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். சில பெண்களுக்கு விரல்கள் மரத்துப்போய் ஒன்றோடொன்று இழுத்துக் கொள்ளும். இதைப் பார்த்துவிட்டு, காற்று கருப்பு என்று பயந்து வேப்பிலை அடிக்க அழைத்துப் போவதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இரத்தத்தின் காரத்தன்மை மாறியதால் சுண்ணாம்புச் சத்து சரியாக வேலை செய்யாமல் விரல் இழுக்கிறது. அவ்வளவுதான். திருநீறு பூசுங்கள், சுற்றிப் போடுங்கள், அதனால் கெடுதல் இல்லை. ஆனால் அதை முடித்துக் கொண்டு அன்றைக்கே புறப்படுங்கள்.

மூன்றாவது, பட்டினி. சாப்பாடு இல்லாவிட்டால் உடம்பு தன் கொழுப்பையும் பிறகு சதையையும் எரிக்கும். அப்போது மூச்சில் அழுகிய பழ வாசனை வரும். முன்பெல்லாம் சிறுநீரைச் சோதித்து, அதில் கீட்டோன் என்ற பொருள் இருந்தால்தான் பெட்டில் சேர்ப்போம் என்று சொல்கிற வழக்கம் இருந்தது. இங்கிலாந்தில் மகப்பேறு மருத்துவர்களின் ராயல் கல்லூரி 2024-ல் வெளியிட்ட வழிகாட்டி, நோயின் கடுமையை அதை வைத்து அளக்கக் கூடாது என்றே சொல்லிவிட்டது. ஆகையால் "சிறுநீரில் ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போங்க" என்று எங்காவது சொன்னால், எடையையும் பார்க்கச் சொல்லிக் கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

விடாத ஓங்கரிப்பில் உணவுக் குழாயின் உள்தோல் கிழிந்து வாந்தியில் இரத்தம் தென்படலாம். பல்லின் மேல்பூச்சை அமிலம் அரிக்கும். வாந்தி எடுத்தவுடன் பல் துலக்கினால் அந்த அரிப்பு கூடத்தான் செய்யும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டு வாய் கொப்பளித்தால் போதும்.

ஊசிமுனை உயிர்ச்சத்து

இனிச் சொல்வதைக் கணவர்மார்கள் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். படிக்கத் தெரியாத வீட்டில் பள்ளிக்கூடத்துப் பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

தண்ணீரும் உப்பும் குறைந்ததைச் சேர்த்து ஈடு செய்துவிடலாம். தயாமின் என்கிற பி1 உயிர்ச்சத்தின் விஷயம் அப்படி அல்ல. உடம்பில் அதன் கையிருப்பு மிகவும் கொஞ்சம். இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் காணும். கர்ப்பிணிக்குத் தேவையோ வழக்கத்தைவிட அதிகம். மூன்று வாரம் சோறு தங்காத பெண்ணிடம் அது அநேகமாகத் தீர்ந்து போயிருக்கும். மூளைக்கு அது இல்லாமல் முடியாது.

1881-ல் ஜெர்மனியில் கார்ல் வெர்னிக்கே என்ற டாக்டர் மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதி வைத்தார். இரண்டு பேர் குடிகாரர்கள். மூன்றாவது, இருபது வயதுத் தையல்காரப் பெண். கந்தக அமிலத்தைக் குடித்ததில் இரைப்பையின் வாய் புண்ணாகிச் சுருங்கி, அந்தப் பெண்ணுக்கு ஓயாத வாந்தி. சில வாரத்தில் கண்விழிகள் சரியாகத் திரும்பவில்லை. நடை தள்ளாடியது. புத்தி குழம்பியது. பிறகு இறந்து போனாள். பிரேதப் பரிசோதனையில் மூளையின் உட்பகுதியில் சிறு சிறு இரத்தக் கசிவுகள். காரணம் என்ன என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது, ஏனென்றால் உயிர்ச்சத்து என்ற பேச்சே அப்போது கிடையாது. 1926-ல் ஜாவா தீவில் இரண்டு டச்சு விஞ்ஞானிகள் அரிசித் தவிட்டிலிருந்து பி1-ஐப் பிரித்தெடுத்தார்கள். நாம் மில்லில் தீட்டி மாட்டுக்குப் போடுகிற அதே தவிடுதான். நெல்லை அவித்துப் புழுங்கல் அரிசியாக்கும்போது தவிட்டில் உள்ள பி1-ல் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கிவிடும். பச்சரிசியை வெள்ளை வெளேர் என்று தீட்டினால் அது போய்விடும். நம் பாட்டிமார் புழுங்கல் அரிசிக்காரர்களாக இருந்ததில் இப்படி ஒரு லாபம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வாந்தி, மயக்கம் என்றால் நம் ஜனங்கள் முதலில் கேட்பது என்ன? "ஒரு பாட்டில் குளூக்கோஸ் ஏத்தி விடுங்க டாக்டர், தெம்பா இருக்கும்." கேட்டு வாங்கிப் போட்டுக் கொள்கிறோம். ஆனால் குளூக்கோஸ் உடம்பில் எரிந்து சக்தியாக மாற பி1 வேண்டும். வாரக்கணக்கில் பட்டினியாக இருந்த பெண்ணுக்கு பி1 கொடுக்காமல் குளூக்கோஸை ஏற்றினால், மிச்சம் மீதி இருக்கிற பி1-உம் அதில் செலவாகி, மூளை வெறுங்கையாக நிற்கும். தெம்புக்கென்று போட்ட பாட்டிலே அந்தத் தையல்காரப் பெண்ணுக்கு வந்த நோயைக் கொண்டுவந்துவிடலாம். இது கற்பனையில் சொல்வது அல்ல. கர்ப்பகால வாந்தியால் இந்த மூளை நோய் வந்த பெண்களைப் பற்றி நம் நாட்டு ஆஸ்பத்திரிகளிலிருந்தே டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். சிலர் இறந்தார்கள். பிழைத்தவர்களில் சிலருக்குக் காலையில் நடந்தது மத்தியானம் ஞாபகம் இல்லாமல் போயிற்று.

தடுக்கும் வழியோ மிகச் சுலபம். விலை அதிகமில்லாத ஓர் ஊசி. குளூக்கோஸுக்கு முன்னால் அதைப் போட வேண்டும். இந்த நோய்க்கு முதலில் ஏற்ற வேண்டியதும் குளூக்கோஸ் அல்ல, உப்பு நீர் பாட்டில்தான். தேவையானால் அதில் பொட்டாசியம் சேர்ப்பார்கள். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் வெட்கப்படாமல் கேளுங்கள்: "டாக்டர், மூணு வாரமா சோறு தங்கலைங்க. பி1 ஊசி போட்டாச்சுங்களா?" நல்ல டாக்டர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார். இரட்டையாகத் தெரிகிறது என்றாலோ, நடை தள்ளாடினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, அதை "பசி மயக்கம்" என்று விட்டுவிடாதீர்கள். அது அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே வைத்தியம் செய்ய வேண்டிய அடையாளம்.

பாட்டில் ஏற்றுவதையே வேண்டாம் என்று யாரும் எடுத்துக் கொள்ள வேண்டாம். இங்கிலாந்தில் 1931 முதல் 1940 வரை பத்து லட்சம் பிரசவத்துக்கு 159 தாய்மார்கள் இந்த வாந்தியால் இறந்தார்கள். 1951 முதல் 1960 வரையிலான பத்து ஆண்டுகளில் அது 3 ஆகக் குறைந்தது. இரத்தக் குழாய் வழியாகத் திரவம் ஏற்றும் முறை பரவியதற்கு அதில் பெரிய பங்கு உண்டு.

வாந்தி எடுக்கிறவருக்குத் தண்ணீர் கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டும். "குடுத்தா மறுபடி எடுக்கிறா, அதனால குடுக்கல" என்பதுதான் நாம் செய்கிற பெரிய தப்பு. 1971-ல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்காளத்தில் பன்கான் என்ற எல்லை ஊரில் லட்சக்கணக்கான அகதிகள் வந்து குவிந்தார்கள். காலரா பரவி, வாந்தியிலும் பேதியிலும் ஜனங்கள் செத்து விழுந்தார்கள். ஏற்றுவதற்குப் பாட்டில் தீர்ந்து போயிற்று. டாக்டர் திலீப் மகலனோபிஸ் உப்பும் சர்க்கரையும் சோடா உப்பும் கலந்த தண்ணீரை டிரம்மில் வைத்து, நோயாளியின் சொந்தக்காரர்களையே விட்டுக் குடிக்க வைத்தார். வாந்தி எடுத்தாலும் கொடுத்துக் கொண்டே இருக்கச் சொன்னார். முன்பு நூற்றுக்கு முப்பது பேர் இறந்த இடத்தில், அந்த முகாமில் நாலு பேருக்கும் குறைவாகவே இறந்தார்கள். இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தருகிற உப்புச் சர்க்கரைப் பொட்டலம் அந்த வழியில் வந்ததுதான்.

கொடுக்கிற விதம் முக்கியம். டம்ளர் நிறையக் கொடுத்தால் வரத்தான் செய்யும். ஒரு தேக்கரண்டி, இரண்டு நிமிஷம் விட்டு இன்னொரு தேக்கரண்டி. வாந்தி வந்தால் பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி ஆரம்பியுங்கள். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டி ஆறு தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டி அரைத் தேக்கரண்டி உப்பு. கண் அளவு வேண்டாம்; உப்பு கூடினால் கெடுதல். நீராகாரம், மோர், இளநீர், எலுமிச்சை ரசம், எது வாய்க்குப் பிடிக்கிறதோ அது. சூடாக இருந்தால் வாசனை தூக்கும், ஆறியதாகக் கொடுங்கள். காலையில் படுக்கையை விட்டு எழும் முன்னால் ஒரு ரொட்டித் துண்டோ கொஞ்சம் பொரியோ வாயில் போட்டுக் கொள்ளட்டும். இஞ்சி சிலருக்குக் கேட்கும். சத்துள்ளதுதான் சாப்பிட வேண்டும் என்று இந்த நாட்களில் கட்டாயப்படுத்த வேண்டாம். எது தங்குகிறதோ அதுதான் சத்து. கொஞ்சம் தேறியபின் நிலக்கடலை, பருப்பு, உளுந்து, கம்பு என்று சேர்த்துக் கொள்ளலாம். பி1 அவற்றில் உண்டு.

சமையலைச் சில வாரம் வேறு யாராவது பார்த்துக் கொள்ளட்டும். கணவர் பார்த்துக் கொண்டால் இன்னும் விசேஷம்.

மாத்திரை போடலாமா?

கடையில் சும்மா கேட்டு வாங்கி அல்ல. 1957-ல் ஜெர்மனியில் தாலிடோமைடு என்று ஒரு மாத்திரை விற்பனைக்கு வந்தது. தூக்கத்துக்கும், கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் நல்லது என்று பல நாடுகளில் விற்றார்கள். கையும் காலும் குறுகி, சில பிள்ளைகள் கையே இல்லாமல் பிறந்தார்கள். 1961 நவம்பரில் ஜெர்மனியில் அதை நிறுத்துவதற்குள் உலகத்தில் பத்தாயிரம் குழந்தைகளுக்கு மேல் பாதிக்கப்பட்டுவிட்டார்கள். அந்தப் பயம் இன்றும் போகவில்லை. அதனால் எல்லா மாத்திரையையும் ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதுவும் சரியல்ல. டாக்ஸிலமைனும் பி6 உயிர்ச்சத்தும் சேர்ந்த மாத்திரை பல லட்சம் கர்ப்பிணிகள் சாப்பிட்டு, நன்றாக ஆராயப்பட்டு, பிள்ளைக்குக் கெடுதல் இல்லை என்று கண்டது. அது கேட்காவிட்டால் வேறு மருந்துகளும் ஊசிகளும் உள்ளன. டாக்டர் எழுதிக் கொடுத்தால் பயப்படாமல் சாப்பிடலாம். தூக்கம் வரும், அவ்வளவுதான். இரும்புச் சத்து மாத்திரையால் குமட்டல் கூடுகிறது என்றால் செவிலியரிடம் சொல்லுங்கள். கொஞ்ச நாள் தள்ளிப் போடச் சொல்வார். ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் விட வேண்டாம்.

எப்போது புறப்பட வேண்டும்?

கணவரே, உங்கள் மனைவி "ஒண்ணுமில்லை" என்றுதான் சொல்லுவார். நீங்கள் அடையாளத்தைப் பாருங்கள். எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லையா? ஒரு நாள் முழுக்கக் குடித்தது எதுவும் தங்கவில்லையா? எழுந்தால் மயக்கமா? வாந்தியில் இரத்தமா? காய்ச்சல், வயிற்று வலி, கண்ணில் மஞ்சள்? இதில் ஒன்று இருந்தாலும் நாள் நட்சத்திரம் பார்க்க வேண்டாம்.

எடை இன்னொரு நல்ல சாட்சி. கர்ப்பத்துக்கு முன் 45 கிலோ இருந்தவர் 2 கிலோ 250 கிராம் குறைந்துவிட்டால், அதாவது நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தால், இது மசக்கை அல்ல என்று வைத்துக் கொள்ளலாம். இதற்காகத்தான் நாள் தள்ளியதுமே கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்து எடை பார்த்து வைக்கச் சொல்கிறோம். பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு என்பது பண உதவிக்காக மட்டும் என்று பலர் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். ஆரம்ப எடை தெரியாவிட்டால் எவ்வளவு குறைந்தது என்று யார் சொல்வது? செவிலியர் வீடு தேடி வந்து பார்ப்பது நம் ஜில்லாவுக்குப் புதிதும் அல்ல. 1947-ல் டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரன் காந்திகிராமத்தைத் தொடங்கிய காலத்திலிருந்தே சுற்று வட்டாரத்துக் கிராமங்களில் தாய்சேய் நலவேலை நடந்து வருகிறது.

முதலில் ஆரம்ப சுகாதார நிலையம். அங்கே முடியாதென்றால் பழனி ரோட்டில் திண்டுக்கல் தூரமில்லை. 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறந்தாயிற்று. நிற்க முடியாத பெண்ணை டூவீலரில் உட்கார வைத்துக் கொண்டு போகாதீர்கள். 108-க்குப் போன் செய்தால் வண்டி வரும், காசு இல்லை. மலைமேல் ஆடலூர் பக்கத்து ஜனங்கள் இருட்டும் வரை காத்திராமல் பகலிலேயே இறங்கிவிடுவது நல்லது.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுப்பார்கள். வயிற்றில் இரட்டைப் பிள்ளையா, அல்லது முத்துப்பிள்ளைக் கர்ப்பமா என்று தெரியவேண்டும். இரண்டிலும் வாந்தி கடுமையாக இருக்கும். சிறுநீரில் கிருமி, தைராய்டு, மஞ்சள் காமாலை எல்லாம் பார்ப்பார்கள். இத்தனையும் தாங்க முடியாமல், வேண்டிப் பெற்ற கர்ப்பத்தைக் கலைத்துவிடலாம் என்று கடை மாத்திரை விழுங்குகிற பெண்களும் உண்டு. நீர் வற்றிய உடம்பில் இரத்தப் போக்கும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. அப்படி ஒரு எண்ணம் வந்தால் அதையும் டாக்டரிடமே மனம் விட்டுப் பேசுங்கள். முதலில் சரியான வைத்தியம் நடக்கட்டும். பெரும்பாலான தாய்மார்கள் தேறி, நல்ல பிள்ளையைப் பெறுகிறார்கள். எடை ஏறாமலே போன தாய்க்குத்தான் பிள்ளை எடை குறைந்து பிறக்கிறது.

ஏழு, எட்டு, ஒன்பதாம் மாதத்தில் புதிதாக வாந்தி ஆரம்பித்தால் "பிள்ளைக்கு முடி முளைக்குது" என்று நம் பக்கம் சொல்வார்கள். முடி முளைப்பதற்கும் வாந்திக்கும் சம்பந்தம் கிடையாது. அப்போது தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்றில் வலி, முகத்திலும் கையிலும் வீக்கம் சேர்ந்திருந்தால் அது இரத்தக் கொதிப்பு. ஜன்னி வருவதற்கு முன்னால் இரத்த அழுத்தம் பார்த்தாக வேண்டும்.

அடுத்த பிள்ளை

ஒரு கர்ப்பத்தில் இந்த நோய் வந்தவருக்கு அடுத்ததிலும் வர வாய்ப்பு அதிகம். அதனால் இந்தத் தம்பதிகளுக்கு இடைவெளி என்பது வெறும் பிரசாரப் பேச்சு அல்ல. உருகிப் போன உடம்பு சதை பிடிக்க, இரத்தம் ஊற, மூன்று வருஷமாவது வேண்டும். காப்பர்-டி, அந்தரா ஊசி, மாலா-என் மாத்திரை, நிரோத் எல்லாம் அரசு நிலையங்களில் இலவசம். மாலா-என் சாப்பிடுகிறவர் ஒன்றை மட்டும் நினைவில் வைக்கவும்: மாத்திரை போட்ட இரண்டு மணி நேரத்துக்குள் எந்தக் காரணத்தால் வாந்தி எடுத்தாலும், அந்த மாத்திரை கணக்கில் இல்லை; உடனே இன்னொன்று போட்டுக் கொள்ள வேண்டும். இரண்டு நாளுக்கு மேல் வாந்தி பேதி நீடித்தால் மாத்திரையை நம்பியிராமல் நிரோத்தும் உபயோகித்துக் கொண்டு செவிலியரைக் கேளுங்கள். காப்பர்-டிக்கும் ஊசிக்கும் இந்தத் தொல்லை இல்லை.

மறுபடி பிள்ளை வேண்டும் என்று இருவரும் முடிவு செய்யும்போது, பழைய ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துக் கொண்டு முன்கூட்டியே டாக்டரைப் பாருங்கள். நாள் தள்ளியதுமே, வாந்தி முற்றுவதற்கு முன்பே, மாத்திரை ஆரம்பித்துக் கொடுப்பார்கள். அந்தச் சீட்டைக் கிழிக்காமல், ரேஷன் கார்டு வைத்திருக்கும் இடத்திலேயே பத்திரமாக வைத்திருங்கள்.